ஒரு லாரி நீளம்

கூத்தாநல்லூர் லாரி ஆபீசில்
ஜபருல்லா பாய் என் லைசென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கனரக வாகனம், பேட்ஜ் நம்பர், எல்லாம் சரி.
“ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வாங்க தம்பி.”
எதை ஓட்டிட்டு வர, பாய்?
மேசை மேல் ஃபேன்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.
திருவாரூரில் மூன்று இடம், மன்னார்குடியில் இரண்டு.
எல்லா ஊரிலும் அதே ஃபேன்.

குட்டியானையில் வாழைத்தார் ஏற்றி
கும்பகோணம் போய் வந்தவன்தான் நான்.
அப்புறம் பயிற்சிப் பள்ளி, முப்பது நாள்.
பள்ளி வண்டிக்கு இரண்டு பிரேக்.
ஒன்று என் காலடியில்,
ஒன்று இடப்பக்கம், வாத்தியார் காலடியில்.
எட்டுப் போட்டேன். ரிவர்ஸ் எடுத்தேன்.
காற்று ஏறும்வரை முள்ளையே பார்த்திருந்தேன்.
டயரைத் தட்டச் சொன்னார்கள், தட்டினேன்.
முதலுதவிப் பெட்டியில் என்னென்ன என்று ஒப்பித்தேன்
(திறந்தால் ஒரு சீப்பும் பீடிக்கட்டும்).
முப்பது நாளும் வண்டி காலி.
ஒரு செங்கல்கூட ஏற்றவில்லை.

மூட்டை எனக்குப் புதிதில்லை.
பள்ளிக்குக் கட்டிய பணமே
கொள்முதல் நிலையத்தில் நெல் சுமந்த பணம்.
நாற்பது கிலோ மூட்டை.
எடை என் கழுத்துக்குத் தெரியும்.
காலுக்குத் தெரியாது.

புரட்டாசி. குறுவை நெல். மூட்டமான வானம்.
நீடாமங்கலத்தில் சரக்கு ரயிலுக்குக் காத்து
லாரிகள் ஆற்றுப் பாலத்துக்கும் அப்பால் வரிசை.
செங்குட்டுவன் அண்ணனுக்கு மூன்று நாள் தூக்கம் பாக்கி.
“முன்வண்டி நகந்தா நீயும் நகத்து. எழுப்பாத.
சாப்பாடு என் கணக்கு.”
எனக்கு வந்த நியமன ஆணை அவ்வளவுதான்.

ஒரு லாரி நீளம். நிறுத்து. இன்ஜினை அணை.
கொசு.
கேட் மூடுகிறார்கள். கேட் திறக்கிறார்கள்.
வாளியில் டீ கொண்டுவருகிற பையன்
என்னை ‘டிரைவர்’ என்கிறான், சில்லறை பாக்கி வைக்கிறான்.
ஒரு லாரி நீளம்.
இரண்டாவது கியர்
என் லைசென்சில் மட்டும் இருந்தது.

மூன்றாம் இரவு, தூறல்.
பாலத்து ஏற்றத்தில் வந்து நின்றது வண்டி.
தட்டையான ஊரில் பிறந்தவனுக்கு
அந்த ஏற்றமே மலை.
முன்வண்டி போனது. கிளச்சை விட்டேன்.
முன்னூறு மூட்டை பின்னுக்கு இழுத்தது
ஒரு சாண்
ஒன்றரைச் சாண்
இடப்பக்கம் அந்த இன்னொரு பிரேக்கைத் தேடினேன்.
செங்குட்டுவனின் பாதங்கள் கிடந்தன,
வெடித்த குதிகால், ஒன்றன்மேல் ஒன்று.
பின்னால் மொபெட்டில், கருவாட்டுக் கூடையோடு, ஒருத்தி
“ஏய் லாரீ!” என்று அலறினாள்.

மிதித்தேன். நின்றது.
மூட்டை கழுத்தில் விழுந்ததும் யாரும் நடப்பதில்லை.
அது உட்காரட்டும் என்று
ஒரு மூச்சு நிற்பார்கள்.
நின்றேன்.
கிளச்சை மெல்ல,
இருவர் தூக்கித் தரும் மூட்டையை வாங்குவதுபோல
வாங்கினேன்.
வண்டி முதுகு விறைத்தது.
இனி பிரேக்கை விடலாம் என்று
காலே சொன்னது. விட்டேன்.
பன்னிரண்டு டன்னும் என்னோடு எழுந்து வந்தன.
மொபெட்காரி முந்திப் போனாள்,
என் அம்மாவையும் சேர்த்துத் திட்டிவிட்டு.

விடியலில் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.
பாலம் பின்னால் இருந்தது.
“எப்படா ஏறுனோம்?”
தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் தட்டிவிடப் போனேன்.

டீக்கடைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்:
மூன்று இரவு, நாற்பத்தொரு நகர்த்தல், ஒரு பாலம்.
தூரம் அரைக் கிலோமீட்டர்கூடத் தேறாது.
ஜபருல்லா பாய்,
இதை வருஷத்தில் எழுதுவதா, அடியில் எழுதுவதா?
யோசித்து வையுங்கள்.
முன்வண்டி நகர்கிறது.